எரிவாயு பாய்லரை வீட்டு இணைப்புகளோடு சேர்ப்பது: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டில் புதிதாக எரிவாயு பாய்லர் பொருத்தும்போது எல்லோருடைய பயமும் கேஸ் குழாயின் மேல்தான் இருக்கும். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் கேஸ் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே, இயல்பில் மணமற்ற அந்த வாயுவில் நாற்றமுள்ள கந்தகச் சேர்மம் ஒன்றைக் கலந்து அனுப்புகிறார்கள். பாய்லர் எரித்து முடித்த புகை வீட்டுக்குள் திரும்பி வந்தால் மூக்கு ஒன்றும் சொல்லாது. அந்தப் புகையில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்ளும்.

பாய்லருக்குள் வரும் குழாய்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் பாதிகூட அதிலிருந்து வெளியே போகும் குழாய்களுக்குக் கிடைப்பதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. எல்லா இணைப்புகளையும் வேலை நடக்கும் வரிசையிலேயே பார்ப்போம். வெளியே போகும் குழாய்கள் வரும் இடங்களில் மட்டும் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

யார் எதில் கை வைக்கலாம்

எரிவாயுக் குழாய், பாய்லரின் எரியறை, புகைக்குழாய் ஆகிய மூன்றும் உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியனின் வேலை. பல நாடுகளில் இதைச் சட்டமே சொல்கிறது. சட்டம் எப்படி இருந்தாலும், அழுத்தமானியும் புகையை அளக்கும் கருவியும் இல்லாமல் இந்த வேலையை முடித்ததாகச் சொல்லவே முடியாது. அந்தக் கருவிகள் நம் வீட்டு அலமாரியில் இருப்பதில்லை. டெக்னீஷியன் வந்ததும் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். அது பாய்லர் வேலைக்குச் செல்லுமா, நடப்பில் இருக்கிறதா என்ற இரண்டையும் கவனியுங்கள். அடுப்பு இணைக்க மட்டும் தகுதி பெற்றவர் பாய்லருக்குப் பொருந்தமாட்டார். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். முறையாக வேலை செய்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அப்படியானால் வீட்டுக்காரருக்கு என்ன வேலை? இடத்தைத் தீர்மானிப்பது, பழைய குழாய்களைப் பற்றிய தகவலைத் திரட்டித் தருவது, ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து நின்று பார்ப்பது, கடைசியில் காகிதங்களைக் கேட்டு வாங்குவது. ரேடியேட்டரில் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) சிக்கிய காற்றை வெளியேற்றுவது, அழுத்தம் குறைந்தால் தண்ணீர் ஏற்றுவது போன்ற சில சிறு வேலைகள் பிறகு நம் கைக்கே வரும்.

குழாய்களை எண்ணிப் பாருங்கள்

வீட்டைச் சூடாக்குவது, குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வெந்நீர் தருவது ஆகிய இரண்டையும் ஒரே பெட்டி செய்தால் அதைக் காம்பி பாய்லர் என்பார்கள். அதன் அடிப்பக்கத்தைக் கீழிருந்து பார்த்தால் குழாய் முனைகள் வரிசையாகத் தெரியும். எரிவாயு உள்ளே வருகிறது. குளிர்ந்த குடிநீர் உள்ளே வருகிறது, வெந்நீராக வெளியே போகிறது. ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் போகிறது, ஆறிப்போய்த் திரும்பி வருகிறது. வழக்கமாக இவை ஐந்தும்தான் பெரிய முனைகள். இவற்றுக்கு அருகே மெலிதாக இன்னும் இரண்டு முனைகள் இருக்கும்: ஒன்று புகையிலிருந்து ஒடுங்கும் நீருக்கு, மற்றது பாதுகாப்பு வால்வின் வடிகாலுக்கு. மேலே புகைக்குழாய். இவற்றோடு ஒரு மின்கம்பி. வெந்நீரைத் தனித் தொட்டியில் சேமிக்கும் வகையில் குடிநீர் முனைகள் பாய்லரில் இல்லாமல் தொட்டியில் இருக்கும். மற்றவை ஏறக்குறைய இதே.

கையேட்டில் இந்த முனைகளின் படம் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொன்றும் எங்கே போய் முடியப்போகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். முடியும் இடம் தெரியாத குழாய் ஒன்று மிஞ்சினால் வேலையைத் தொடங்க வேண்டாம். மிஞ்சுவது பெரும்பாலும் அந்த மெலிந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முதல் படி: அளவும் இடமும்

பாய்லரின் திறனைக் கிலோவாட்டில் சொல்வார்கள். காம்பி பாய்லரில் அந்த எண் பெரும்பாலும் வெந்நீருக்காகவே பெரிதாக இருக்கிறது. கணக்கு எளிது. 30 கிலோவாட் திறன் இருந்தால், தண்ணீரின் வெப்பத்தை 35 டிகிரி செல்சியஸ் உயர்த்தி நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 லிட்டர் தரலாம். வரும் தண்ணீரே நிமிடத்துக்கு 8 லிட்டர்தான் என்றால் அத்தனை பெரிய பாய்லர் வாங்கியும் பயனில்லை. ஆகவே வாங்கும் முன் சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து, ஒரு வாளியை வைத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்துவிடுங்கள். வாளி, கடிகாரம் இரண்டும் போதும்.

இடத்தைப் பொறுத்தவரை மூன்று கேள்விகள். வெளிச்சுவருக்கோ கூரைக்கோ புகைக்குழாயை எளிதாகக் கொண்டுபோக முடியுமா? ஒடுங்கும் நீர் சரிந்து ஓட வீட்டுக்குள்ளேயே ஒரு வடிகால் பக்கத்தில் இருக்கிறதா? முன்மூடியைக் கழற்றிப் பழுதுபார்க்க ஒருவர் நிற்க இடம் இருக்கிறதா? கேஸ் குழாய்க்கு எது பக்கம் என்பதை இவற்றுக்குப் பிறகு யோசிக்கலாம். கேஸ் அழுத்தத்தோடு வருவதால் மேலும் கீழும் வளைந்து வரும். புகைக்குழாயும் வடிகாலும் அப்படி இல்லை. சரிவையும் இடைவெளியையும் விட்டுக்கொடுக்காது.

எரிவாயு எந்த வகை என்பதும் இடத்தைத் தீர்மானிக்கும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போகும். சிலிண்டரில் வரும் புரோப்பேன் காற்றைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் தேங்கும். நிலவறையில் சிலிண்டர் வாயுவில் ஓடும் பாய்லர் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாம் படி: புகைக்குழாய்

பாய்லரைச் சுவரில் மாட்டியதும் பலர் அடிப்பக்கக் குழாய்களில் இறங்கிவிடுவார்கள். நான் முதலில் புகைக்குழாயை முடிப்பதையே விரும்புவேன். அதன் பாதை சரிவரவில்லை என்றால் பாய்லரையே நகர்த்த வேண்டியிருக்கும். அடியில் குழாய் இணைத்த பிறகு அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது.

24 கிலோவாட் பாய்லர் முழு வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ இரண்டரை கன மீட்டர் இயற்கை எரிவாயுவை எரிக்கும். ஒரு பங்கு வாயுவுக்குப் பத்துப் பங்கு காற்று வேண்டும். அதாவது மணிக்கு 25 கன மீட்டர். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு சிறிய அறையில் உள்ள காற்று மொத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இந்தக் காற்றை அறையிலிருந்து எடுக்கும் பழைய வகைகளுக்கு அறையில் மூட முடியாத காற்றுத்துளை கட்டாயம். குளிர் வருகிறது என்று அந்தத் துளையைத் துணியால் அடைத்த வீடுகளில்தான் உயிர்கள் போயிருக்கின்றன. இப்போது விற்பவற்றில் பெரும்பாலானவை அறைக்காற்றைத் தொடுவதில்லை. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் இருக்கும். உள்குழாய் வழியாகப் புகை வெளியேறும், இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே வரும். புதிதாக வாங்குபவர் இந்த மூடிய வகையையே வாங்குவது நல்லது.

புகைக்குழாய் கிடையாகப் போனால் வெளிமுனை சற்று உயர்ந்து, பாய்லரை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். இதைப் பலர் தலைகீழாக நினைக்கிறார்கள். மழைநீர் உள்ளே வராமலிருக்க வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் கண்டென்சிங் பாய்லரின், அதாவது புகையிலுள்ள ஆவியை நீராக ஒடுக்கி அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகையின், புகை ஈரமானது. அதிலிருந்து ஒடுங்கும் நீர் பாய்லருக்கே திரும்பி, அதற்கென உள்ள வடிகாலில் இறங்க வேண்டும். மீட்டருக்கு ஏறத்தாழ 45 மில்லிமீட்டர் சரிவு பல கையேடுகளில் இருக்கும். உங்கள் பாய்லரின் கையேடு வேறு எண் சொன்னால் அதுவே சரி. சரிவு மாறிப்போனால் அமில நீர் வெளிமுனையிலிருந்து சொட்டிச் சுவரை அரிக்கும். குளிர் உறையும் இடமானால் பனிக்கட்டியாகத் தொங்கும்.

குழாயை வெட்டும்போது நேராக வெட்டி, வெட்டுவாயிலுள்ள பிசிறை முழுதாக நீக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பிசிறு அதைக் கீறிவிட்டால் வெளியிலிருந்து பார்க்க எல்லாம் அழகாக இருக்கும். உள்ளே புகை காற்றுப் பாதையில் கசிந்துகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க நல்ல சோதனை ஒன்று உண்டு. பாய்லர் முழு வேகத்தில் ஓடும்போது, உள்ளே வரும் காற்றின் பாதையில் அளவுக்கருவியின் முனையைச் செருகிப் பார்ப்பார்கள். அங்கே இருக்க வேண்டியது வெறும் வெளிக்காற்று, ஆக்சிஜன் 20.9 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 20.6க்குக் கீழே இறங்கினாலோ, கார்பன் டை ஆக்சைடு 0.2 சதவீதத்தைத் தொட்டாலோ புகை எங்கோ கலக்கிறது என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்தீர்களா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள்.

வெளிமுனை எங்கே நிற்கிறது என்பதை நீங்களே வெளியே போய்ப் பாருங்கள். திறக்கக்கூடிய ஜன்னல், கதவு, காற்றுத்துளை இவற்றிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் என்பது பரவலாகக் காணும் அளவு. முனையின் வகையையும் ஊர் விதியையும் பொறுத்து இது கூடும். அண்டை வீட்டு ஜன்னலும் ஜன்னல்தான். கண்ணாடி போட்டு அடைத்த பால்கனிக்குள் புகை விடுவது வீட்டுக்குள் விடுவதற்குச் சமம். குழாய் பொய்க்கூரைக்கு மேலோ மூடிய பெட்டிக்குள்ளோ போனால், ஒவ்வொரு இணைப்பையும் எட்டிப் பார்க்கத் திறப்பு வைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத இணைப்பு கழன்றால் அதை யாரும் அறியமாட்டார்கள்.

மூன்றாம் படி: எரிவாயுக் குழாய்

சமையல் அடுப்பின் ஒரு பர்னர் இரண்டு, மூன்று கிலோவாட் எடுக்கும். பாய்லர் அதைப் போல் பத்து மடங்கு எடுக்கும். ஆகவே அடுப்புக்குப் போகும் குழாயிலிருந்து ஒரு கிளை பிரித்துவிட்டால் போதும் என்ற நினைப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள். வீட்டு எரிவாயுவின் அழுத்தம் மிகச் சிறியது. இயற்கை எரிவாயு பல இடங்களில் 20 மில்லிபார் அளவில்தான் வருகிறது. மீட்டரிலிருந்து பாய்லருக்குப் போவதற்குள் 1 மில்லிபாருக்கு மேல் இழக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லும் விதிகள் உண்டு. நீளம் கூடக் கூட இழப்பும் கூடும். 22 மில்லிமீட்டர் செம்புக்குழாயில் ஒவ்வொரு முழங்கை வளைவையும் அரை மீட்டர் நேர்க்குழாயாகக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். பாய்லரின் முனை 15 மில்லிமீட்டர்தான் என்று பார்த்துவிட்டு முழு நீளத்துக்கும் 15 போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பாய்லர் எரியும், ஆனால் வெந்நீர் திறக்கும்போது திணறும், சில சமயம் தானாக நின்றுபோகும். ‘பாய்லர் மட்டம்’ என்று திட்டு விழுவது பாய்லருக்கு, குற்றம் குழாயுடையது.

பாய்லருக்குப் பக்கத்தில் கை எட்டும் இடத்தில் தனி அடைப்பு வால்வு வேண்டும். சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் கேஸ் குழாய்க்கு ஓர் உறைக்குழாய் போட்டு, உறைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடைவெளியை வீட்டின் உட்பக்க முனையில் அடைக்க வேண்டும். அப்படிச் செய்தால் சுவருக்குள் கசிந்தாலும் வாயு வெளியே போகும். மின்கம்பிகளோடு உரசும்படி ஓடக்கூடாது. அடுப்புக்குப் போடும் ரப்பர் குழாயைப் பாய்லருக்குப் போடவே கூடாது.

பாய்லரில் ஒட்டியுள்ள சீட்டில் அது எந்த வாயுவுக்குச் சரிசெய்யப்பட்டது என்று எழுதியிருக்கும். ஐரோப்பியக் குறியீட்டில் ஜி20 என்றால் இயற்கை எரிவாயு, ஜி31 என்றால் புரோப்பேன். ஒரே பருமனில் புரோப்பேன் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பம் தரும். ஒன்றுக்கான பாய்லரில் மற்றதை அப்படியே விட்டால் எரிதல் கெட்டு, கார்பன் மோனாக்சைடு கிளம்பும். மாற்ற முடியும், அதற்குத் தயாரிப்பாளரின் உதிரிபாகமும் மறுபடி அளவுபார்ப்பதும் வேண்டும்.

இணைத்து முடித்ததும் கசிவுச் சோதனை. குழாயில் அழுத்தம் ஏற்றி, மூடி, அழுத்தமானியில் அளவு இறங்குகிறதா என்று காத்திருந்து பார்ப்பார்கள். பிறகு கேஸைத் திறந்து, இணைப்புகளில் கசிவு காட்டும் திரவத்தைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். யாராவது தீக்குச்சியைக் கிழித்துப் பார்க்கிறேன் என்றால் அவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும்.

நான்காம் படி: தண்ணீர்க் குழாய்கள்

பழைய ரேடியேட்டர்களோடு புதுப் பாய்லரைச் சேர்ப்பதானால், இணைக்கும் முன் பழைய குழாய்களைக் கழுவ வேண்டும். ரேடியேட்டர் எஃகின் துரு தண்ணீரில் கரிய கசடாகச் சேர்ந்திருக்கும். அது காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு. புதுப் பாய்லரின் வெப்பமாற்றியில் உள்ள வழிகள் குறுகலானவை. முதல் குளிர்காலத்திலேயே அடைத்துவிடும். கழுவிய பிறகு, திரும்பி வரும் குழாயில் ஒரு காந்த வடிகட்டி வையுங்கள். துருத்தடுப்பு மருந்தும் ஊற்ற வேண்டும். கழுவாமல் பொருத்தியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல தயாரிப்பாளர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

போகும் குழாயும் திரும்பும் குழாயும் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த முனை எது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். குடிநீர்ப் பக்கத்தில் உள்ளே வரும் குழாயில் அடைப்பு வால்வு வேண்டும். தண்ணீர் கடினமானது என்றால் சுண்ணாம்புப் படிவைத் தடுக்கும் ஏற்பாடும் தேவைப்படும்.

குடிநீரும் ரேடியேட்டர் நீரும் கலக்கவே கூடாது. முதல் முறை தண்ணீர் ஏற்ற இரண்டையும் ஒரு சிறிய வளைகுழாயால் இணைப்பார்கள். அதில் திருப்பு வால்வுகளும், தண்ணீர் பின்னோக்கி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வும் இருக்கும். ஏற்றி முடித்ததும் அந்த வளைகுழாயைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அப்படியே விட்டால், தெருக்குழாயில் அழுத்தம் குறையும் ஒரு நாளில், துருவும் மருந்தும் கலந்த தண்ணீர் குடிநீரில் சேர வாய்ப்பிருக்கிறது. வால்வு சரியாக மூடாவிட்டால் எதிர்ப்பக்கமாகவும் கேடு வரும்: தெருநீர் மெல்ல மெல்ல உள்ளே ஏறி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் படி: சொட்டும் இரண்டு குழாய்கள்

மெலிந்தவை என்பதால் கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்த குழாயை வைத்து முடிக்கப்படுபவை இவை.

முதலாவது, புகையிலிருந்து ஒடுங்கும் நீருக்கானது. மீத்தேன் எரியும்போது நீராவி உண்டாகிறது. புகையின் வெப்பம் ஏறத்தாழ 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அந்த ஆவி நீராக மாறி, தன் வெப்பத்தைப் பாய்லருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. கண்டென்சிங் பாய்லரின் சிக்கனம் முழுவதும் இதில்தான். இப்படி ஒரு மணி நேரத்தில் ஒன்றிரண்டு லிட்டர் நீர் வரும். அது அமிலத்தன்மை உடையது, பி.எச். மதிப்பு 3 முதல் 5 வரை. செம்புக்குழாயை அது அரித்துவிடும், ஆகவே பிளாஸ்டிக் குழாய்தான் போட வேண்டும். மீட்டருக்கு 45 மில்லிமீட்டருக்குக் குறையாத சரிவு, வழியில் நீர் தேங்கும் தொய்வு எங்கும் இருக்கக்கூடாது, முடிவது வீட்டுக்குள் உள்ள கழிவுநீர் வடிகாலில். இவை மூன்றும் அமைந்தால் அந்தக் குழாயை நீங்கள் மறந்துவிடலாம்.

வெளிச்சுவர் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் வெளியே ஓடும் நீளம் முடிந்தவரை குறைவாகவும், குழாய் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமலும், வெப்பத்தடுப்பு உறை போட்டும் இருக்க வேண்டும். கடுங்குளிரில் இது உறைந்து அடைத்தால் நீர் பாய்லருக்குள் பின்வாங்கும். களகளவென்று சத்தம் கேட்கும், பிறகு பாய்லர் தானாக அணைந்துவிடும். அந்த நேரத்தில் கொதிக்காத வெதுவெதுப்பான நீரைக் குழாயின் மேல் ஊற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல்முறை இயக்கும் முன் பாய்லரின் நீர்ப்பொறியில் (தேங்கிய நீரால் புகையை வடிகாலுக்குள் விடாமல் தடுக்கும் பகுதி) தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது வெறுமையாக இருந்தால் புகை அந்த வடிகால் வழியாகவே வீட்டுக்குள் வரும்.

இரண்டாவது, பாதுகாப்பு வால்வின் குழாய். ரேடியேட்டர் சுற்றில் 100 லிட்டர் நீர் இருந்தால், 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகும்போது அது கிட்டத்தட்ட 3 லிட்டர் விரியும். அந்த 3 லிட்டரை ஏற்றுக்கொள்ள, ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் நீருமாக, நடுவில் ரப்பர் திரையுள்ள ஒரு விரிவுக்கலன் பாய்லருக்குள் இருக்கும். அது தவறினால் அழுத்தம் எகிறும். 3 பாரைத் தொட்டதும் பாதுகாப்பு வால்வு திறந்து கொதிநீரை வெளியே தள்ளும். எனவே இந்தக் குழாய் வெப்பம் தாங்கும் உலோகமாக, கீழ்நோக்கிச் சரிந்து, யார் மேலும் தெறிக்காத ஆனால் கண்ணில் படும் இடத்தில் முடிய வேண்டும். நடைபாதைக்கு மேல் வேண்டாம். வழியில் வால்வு எதுவும் போடக்கூடாது. சொட்டுகிறதே என்று முனையை மூடியிட்டு அடைப்பதைப் போன்ற ஆபத்தான கைவேலை பாய்லரில் வேறில்லை.

அமில நீர்க் குழாய் பிளாஸ்டிக், பாதுகாப்பு வால்வுக் குழாய் உலோகம். இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பதால் மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: மின்சாரம்

பாய்லருக்கு மின்சாரம் அதிகம் தேவையில்லை. விசிறி, பம்பு, மின்பலகை எல்லாம் சேர்ந்து ஒரு பழைய குண்டு பல்பு எடுக்கும் அளவே எடுக்கும். பெரும்பாலும் 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டு கம்பிகளையும் ஒன்றாகத் துண்டிக்கும் சுவிட்ச் பக்கத்தில் வேண்டும். நிலையான மின்சாரமும் வேண்டும். விளக்குச் சுவிட்சிலிருந்து கிளை எடுக்கக்கூடாது.

இதில் எர்த் இரண்டு வேலை செய்கிறது. ஷாக் அடிக்காமல் காப்பது எல்லோருக்கும் தெரிந்தது. சுடர் எரிகிறதா என்பதைப் பாய்லர் அறிவதும் அதன் வழியாகவே. சுடரின் ஊடாக எர்த்துக்குப் பாயும் மைக்ரோ ஆம்பியர் அளவு மின்னோட்டத்தை அது அளக்கிறது. எர்த் சரியில்லை என்றாலும், சில பாய்லர்களில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தாலும், சுடர் நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே ‘சுடர் இல்லை’ என்று கேஸை மூடிவிடும். கேஸில் குறை தேடி அலையும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்துப் பாருங்கள். வீட்டின் கேஸ், தண்ணீர் உலோகக் குழாய்களையும் விதிப்படி எர்த்தோடு பிணைத்திருக்க வேண்டும்.

ஏழாம் படி: நிரப்புதலும் முதல் ஓட்டமும்

தண்ணீரை மெதுவாக ஏற்றுங்கள். அழுத்தமானி 1 முதல் 1.5 பார் வரை காட்டினால் நிறுத்தி, கீழ்த்தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ரேடியேட்டரிலும் காற்றை வெளியேற்றுங்கள். சீறும் சத்தம் நின்று நீர் வந்ததும் மூடிவிட வேண்டும். காற்று போன பிறகு அழுத்தம் குறைந்திருக்கும், மறுபடி ஏற்றுங்கள். எல்லா மூட்டுகளின் அடியிலும் உலர்ந்த காகிதத்தை வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கசிவும் தெரிந்துவிடும்.

பாய்லரைப் பற்றவைப்பது டெக்னீஷியன். அவர் பற்றவைத்துவிட்டு, வெந்நீர் வருகிறது பாருங்கள் என்று கிளம்பினால் வேலை முடியவில்லை. முழு வேகத்தில் ஓடும்போது பாய்லர் வாயிலில் கேஸ் அழுத்தம் எவ்வளவு, மீட்டரில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஓடுகிறது, புகையில் கார்பன் மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதம் என்ன என்ற மூன்றையும் அளந்து எழுதித் தர வேண்டும். அந்த விகிதம் 0.004ஐத் தாண்டினால் அப்படியே விட்டுச் செல்லக்கூடாது. புகையளவு அச்சான சீட்டு, சோதனைப் பதிவு, உத்தரவாதப் பதிவு ஆகியவற்றைக் கையேட்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுடுநீரின் வெப்ப அமைப்பையும் அன்றே கேட்டு மாற்றிவிடுங்கள். ரேடியேட்டருக்குப் போகும் நீரை 80 டிகிரியில் வைத்தால் திரும்பும் நீர் 55க்கு மேலேயே இருக்கும், ஆவி ஒடுங்காது, கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கண்டென்சிங் பாய்லர் சாதாரணப் பாய்லராக ஓடும். வீடு போதுமான அளவு சூடாகிறது என்றால், எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். தனித்தொட்டி இருந்தால் அதை மட்டும் குறைக்க வேண்டாம். லீஜியோனெல்லா பாக்டீரியா வளராமல் இருக்கத் தொட்டி நீர் 60 டிகிரியில் இருக்க வேண்டும்.

பாய்லர் ஓடத் தொடங்கிய பிறகு

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் முதல் இரவைக் கழிக்க வேண்டாம். பாய்லர் உள்ள அறையிலேயே, பாய்லரிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். அலமாரிக்குள்ளோ, திரைக்குப் பின்னோ, ஜன்னலை ஒட்டியோ வைத்தால் பயனில்லை. இந்த வாயு ஏறக்குறைய காற்றின் எடையே உள்ளது, ஆகவே தரையோடு வைக்கும் சிலிண்டர் கேஸ் அலாரம் இதற்கு ஈடாகாது. அலாரத்துக்கும் ஆயுள் உண்டு. காலாவதித் தேதி அதன் முதுகில் இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், மயக்கம் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் அலாரம் அடிக்காவிட்டாலும் பாய்லரை அணைத்துவிட்டு, எல்லோரும் வெளியே போய் மருத்துவ உதவி கேளுங்கள்.

கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஜன்னல்களைத் திறந்து, மீட்டருக்கு அருகில் உள்ள வால்வை மூடி, வெளியே போன பிறகே போன் செய்யுங்கள். மீட்டர் வால்வு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ். இடையில் நீங்கள் பார்க்க வேண்டியது அழுத்தமானியின் முள்ளைத்தான். ஆறியிருக்கும்போது 1 பாரிலும் சூடாகும்போது 2 பாருக்குள்ளும் இருந்தால் நலம். சில மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் நீர் ஏற்ற வேண்டியிருந்தால் கவலையில்லை. வாரந்தோறும் ஏற்ற வேண்டியிருந்தால், முதலில் வெளியே போய்ப் பாதுகாப்பு வால்வுக் குழாயின் முனையைத் தொட்டுப் பாருங்கள். பாய்லர் ஓடும்போது சூடாகி முள் 3 பாரை நெருங்குகிறது, முனை ஈரமாக இருக்கிறது என்றால் விரிவுக்கலனில் காற்று குறைந்துவிட்டது. டெக்னீஷியன் காற்றடித்து அல்லது கலனை மாற்றித் தருவார். முனை உலர்ந்திருந்தால் கசிவு ரேடியேட்டர் சுற்றில் எங்கோ இருக்கிறது. ரேடியேட்டர் வால்வுகளின் அடியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.